மொழிபெயர்ப்பாளரின் மகன்

1955ஆம் ஆண்டு மார்ச் மாதம். போரில் இடிந்து, மீளக் கட்டியெழுப்பப்பட்டிருந்த வார்சோ பில்ஹார்மோனிக் மண்டபத்தில் ஐந்தாவது ஷொப்பின் சர்வதேசப் பியானோப் போட்டியின் முடிவுகள் அறிவிக்கப்பட்டன. முதற்பரிசு போலந்தின் அடம் ஹரசியேவிச்சுக்கு. இரண்டாம் பரிசு சோவியத் ஒன்றியத்தின் விளாடிமிர் அஷ்கெனாசிக்கு. மூன்றாம் பரிசு ஷங்காயிலிருந்து வந்திருந்த, இருபத்தொரு வயதை அப்போதுதான் எட்டியிருந்த ஃபூ ட்சொங் என்ற இளைஞருக்கு. முதற்பரிசு அஷ்கெனாசிக்கே உரியது என்று கருதிய நடுவர் மிக்கெலாஞ்சலி, முடிவுப் பத்திரத்தில் கையொப்பமிட மறுத்துவிட்டார். சர்ச்சை முழுவதும் முதலிரண்டு இடங்களைப் பற்றியதாகவே இருந்தது. ஆனால் போலந்துக்காரரை அதிகம் வியக்க வைத்தது வேறொரு விடயம். மசூர்க்காக்களை மிகச் சிறப்பாக வாசித்தவருக்கெனப் போலந்து வானொலி வழங்கும் தனிப்பரிசும் அந்தச் சீன இளைஞருக்கே போயிருந்தது.

மசூர்க்கா, வார்சோவைச் சூழ்ந்த மசோவியா சமவெளியின் கிராமிய நடனத்திலிருந்து வந்தது. மூன்றடித் தாளம்தான். ஆனால் அழுத்தம் பெரும்பாலும் முதலடியில் விழாது. இரண்டிலோ மூன்றிலோ விழும். எங்கே விழும், எவ்வளவு தயங்கி விழும் என்பதைச் சுரத்தாளில் முழுமையாக எழுதிவிட முடியாது. ஷொப்பினின் வீட்டிலேயே ஒரு மசூர்க்காவைக் கேட்ட இசையமைப்பாளர் மேயர்பீர், இது இரண்டடித் தாளம் என்று வாதிட, சாந்தசீலரான ஷொப்பின் சினந்துபோனதை அவரது மாணவர் லென்ஸ் எழுதி வைத்திருக்கிறார். பெரிய இசை மேதைகளுக்கே பிடிபடாத தாளம் அது. போலந்து மண்ணில் பிறந்தவனுக்கு மட்டுமே அது கைவரும் என்ற நம்பிக்கை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நிலவியது. ஆறே மாதங்களுக்கு முன்னர் அந்த மண்ணில் கால் வைத்த ஒருவருக்கு அது எப்படிக் கைவந்தது?

மேலைத்தேய சங்கீதத்தில் எனக்குப் பயிற்சி கிடையாது. கேள்வி ஞானம் மட்டுமே. நான் இந்தக் கலைஞரிடம் வந்து சேர்ந்ததும் இசையின் வழியாக அல்ல. மொழிபெயர்ப்பு வேலையில் சிறிது காலம் ஈடுபட்டிருந்தபோது, சீனத்தின் மிகச் சிறந்த மொழிபெயர்ப்பாளர் என மதிக்கப்படும் ஃபூ லெய்யைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்க, அவரது மகனைத் தவிர்த்து அவரைப் பேச முடியாது என்பது தெரிந்தது. மகனைப் பற்றி எழுதுவோருக்கும் இதே நிலைதான். (சீன வழக்கில் குடும்பப் பெயர் முன்னால் வரும். தந்தையும் மகனும் இருவருமே 'ஃபூ' ஆனது அதனால்தான்.)

ஃபூ லெய் 1908இல் பிறந்தவர். 1928 முதல் 1931 வரை பாரிஸில் இலக்கியமும் கலை வரலாறும் பயின்றார். நாடு திரும்பிய பின்னர் பல்ஸாக்கின் நாவல்கள், வொல்டேயர், மெரிமே எனப் பிரெஞ்சு இலக்கியத்தின் பெரும்பகுதியைச் சீனத்துக்குக் கொண்டுவந்தார். பெதோவனின் சாயலில் ஓர் இசைக் கலைஞனின் வாழ்வைச் சொல்லும் ரோமேன் ரோலாந்தின் 'ஜான் கிறிஸ்தோப்' நாவலை அவர் பெயர்த்தது 1937க்கும் 1941க்கும் இடையில். நாடு ஜப்பானியரின் காலடியில் கிடந்த காலம் அது. அந்நூலை வாசித்துப் பியானோ கற்க ஆசைப்பட்ட சீன இளைஞர் பலர். 1952இல் தனது அந்த மொழிபெயர்ப்பே திருப்தியளிக்காமல், மீண்டும் முதலிலிருந்து பெயர்த்து வெளியிட்டார். அரசாங்கச் சம்பளம் எதையும் பெறாது, மொழிபெயர்ப்புக்கான ஊதியத்தை மட்டுமே நம்பிக் குடும்பம் நடத்தியவர் என்பதையும் இங்கு சொல்ல வேண்டும்.

1934இல் பிறந்த மூத்த மகனின் காதில் இசை இருப்பதைக் கண்டுகொண்ட தந்தை, அவனைப் பாடசாலையிலிருந்து விலக்கினார். கொன்ஃபூசியஸ், மென்சியஸ், சுவாங் ட்சு ஆகியோரின் நூல்களிலிருந்தும் பழைய வரலாற்று நூல்களிலிருந்தும் தானே பகுதிகளைத் தெரிந்து பாடமாக்கினார். பியானோ கற்பிக்க வாய்த்தவர் மரியோ பாச்சி என்ற இத்தாலியர். ஷங்காய் நகர இசைக்குழுவை இரு தசாப்தங்களுக்கு மேலாக நடத்தியவர். லிஸ்டின் மாணவரான ஸ்கம்பாட்டியிடம் பயின்றவர். மூன்று வருடங்கள் அவரிடம் படிப்பு நடந்தது. வீட்டிலோ தந்தையின் கண்டிப்பு கொடியதாக இருந்தது. கோபத்தில் அவர் வீசிய பாத்திரமொன்று பட்ட தழும்பு மகனின் மூக்கில் கடைசிவரை இருந்தது. இந்தக் கண்டிப்பை மேதைமைக்கான விலையாகக் காட்டிப் பெருமையாக எழுதுவோர் இருக்கிறார்கள். அது எனக்கு ஒப்புதலில்லை. தந்தைக்கும் ஒப்புதலாக இருக்கவில்லை என்பதைப் பின்னர் பார்ப்போம்.

1948இல் குடும்பம் தென்மேற்கே குன்மிங் நகருக்குப் போனது. பெற்றோர் திரும்பிய பின்னரும் மகன் அங்கேயே தங்கிவிட்டார். படிப்பும் பியானோவும் தடம்புரண்டன. 1951இல், பதினேழாவது வயதில், தனியாக ஷங்காய் திரும்பி, இனிப் பியானோதான் என்று தீர்மானித்தார். முழுமூச்சான பயிற்சி அப்போதுதான் ஆரம்பம். நான்கு வயதில் பிள்ளையை வாத்தியத்தின் முன் உட்கார்த்தாவிட்டால் காலம் போய்விடும் என்று பதறும் பெற்றோர் கவனிக்க வேண்டிய தகவல் இது. இரண்டே ஆண்டுகளில், 1953இல், புக்கரெஸ்ட் இளைஞர் விழாவில் மூன்றாம் பரிசு. அதன் பயனாகப் போலந்தில் படிக்கும் வாய்ப்பு. 1954 ஜனவரியில் ஷங்காய் வீட்டை விட்டுப் புறப்பட்டார்.

புறப்பட்ட மறுநாளே தந்தை கடிதம் எழுத உட்கார்ந்தார். மகனின் பிள்ளைப் பருவத்தில் தான் நடந்துகொண்ட விதத்தை எண்ணி வருந்தி, மன்னிப்புக் கேட்கும் தொனியில் எழுதிய கடிதம் அது. சீனக் குடும்பத்தில், அதுவும் அந்தக் காலத்தில், தந்தை மகனிடம் அப்படி எழுதுவது கேள்விப்படாதது. அன்று தொடங்கிய கடிதங்கள் 1966 வரை, பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்தன. இசை, ஓவியம், கவிதை, பணத்தை எப்படிச் செலவழிப்பது, மேடையில் கைகளை எங்கே வைத்துக்கொள்வது, மேலைநாட்டு வீடுகளில் மேலங்கியை எங்கே கழற்றுவது என எல்லாமே அவற்றில் இருந்தன. மனிதன், கலைஞன், இசைஞன், பியானோ வாசிப்பவன் என்று வரிசை வகுத்து, பியானோவைக் கடைசியில் நிறுத்தியவர் அவர். 1961இல் தேன் எழுதிய 'கலைத் தத்துவம்' நூலின் கிரேக்கச் சிற்பம் பற்றிய பகுதியை, நூல் அச்சாகும்வரை காத்திராமல், தன் கையாலேயே பிரதிசெய்து மகனுக்கு அனுப்பினார்.

மசூர்க்காவின் இரகசியம் இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஷொப்பினைப் புரிந்துகொள்ள ஃபூ ட்சொங் போலந்தின் வரலாற்றை மட்டும் படிக்கவில்லை. தென் டாங் அரசின் கடைசி மன்னனான லி யூவின் கவிதைகள் அவருக்கு ஏற்கெனவே மனப்பாடமாக இருந்தன. பத்தாம் நூற்றாண்டில் நாட்டை இழந்து, வென்றவர்களின் தலைநகரில் கைதியாக இருந்துகொண்டு, இழந்த மண்ணையே பாடிய மன்னன் அவன். ஷொப்பினும் 1830இல் வார்சோவை விட்டுப் புறப்பட்டு, 1849இல் பாரிஸில் இறக்கும்வரை திரும்பாதவர். அவரது நாடு அந்நாளில் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்குபோட்டுக்கொண்ட நாடு. ஷொப்பினின் துயரத்தை லி யூவின் துயரமாக உணர்ந்ததாக ஃபூ ட்சொங் பல தடவை சொல்லியிருக்கிறார். மேலைநாட்டு விமர்சகர்கள் இதைக் 'கிழக்கின் ஆன்மா' என்று ஒரு மர்மமாக்கினார்கள். இதில் மர்மம் எதுவும் இல்லை. மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் வீட்டில் வளர்ந்த பிள்ளை, ஒரு மொழியில் உள்ளதற்கு இன்னொரு மொழியில் ஈடு தேடும் பழக்கத்தைப் பியானோவுக்கும் கொண்டுபோனார். அவ்வளவுதான்.

இந்த நல்ல காலம் நீடிக்கவில்லை. 1957இல் சீனத்தில் வலதுசாரி எதிர்ப்பு இயக்கம் தொடங்கியது. போலந்திலிருந்த மாணவர் பெய்ஜிங்குக்கு அழைக்கப்பட்டு விமர்சனக் கூட்டங்களில் நிறுத்தப்பட்டார். பின்னர் படிப்பை முடிக்கத் திருப்பி அனுப்பப்பட்டார். 1958 ஏப்ரலில் ஷங்காயில் தந்தைக்கு 'வலதுசாரி' முத்திரை குத்தப்பட்டது. பட்டம் பெற்றுவிட்டால் மகன் நாடு திரும்பியாக வேண்டும். திரும்பினால் என்ன நடக்கும்? தந்தை மகனையும் மகன் தந்தையையும் மேடையில் ஏறிக் குற்றஞ்சாட்ட வேண்டியிருக்கும். இருவருமே அதைச் செய்யக்கூடியவர்கள் அல்லர் என்பதே ஃபூ ட்சொங் பின்னாளில் கொடுத்த விளக்கம். 1958 டிசம்பரில், நத்தாருக்குச் சற்று முன்னர், அவர் வார்சோவிலிருந்து விமானமேறி லண்டன் போய் இறங்கினார்.

மகன் ஓடிப்போனதால்தான் தந்தை வலதுசாரி ஆக்கப்பட்டார் என்று சிலர் எழுதுகிறார்கள். காலவரிசை அப்படிச் சொல்லவில்லை. முத்திரை ஏப்ரலில், வெளியேற்றம் டிசம்பரில். தந்தைக்கு விழுந்த முத்திரையே மகனைத் துரத்தியது. ஆனால் அதன் பின்னர் மகனின் பெயர் தந்தையின் மீது சுமத்தப்பட்ட இன்னொரு குற்றமாகிவிட்டது என்பதும் உண்மையே.

லண்டன் பத்திரிகைகளுக்கு அவர் செஞ்சீனத்திலிருந்து தப்பிவந்த பியானோக்காரர். அந்த அடையாளம் சில வருடங்கள் அரங்குகளை நிரப்பியிருக்கலாம். ஆனால் அந்தப் பாத்திரத்தை ஏற்று நடிக்க அவர் விரும்பவில்லை. 1960இல் வயலின் மேதை யெஹுதி மெனுஹினின் மகள் ஸமீராவை மணந்தார். அதே ஆண்டில் சுவிற்சர்லாந்தின் மொன்டக்னோலா கிராமத்தில், முதுமையில் இருந்த ஹெர்மன் ஹெஸ்ஸே, வானொலியில் தற்செயலாக இவர் வாசித்த ஷொப்பினைக் கேட்டார். முன்பின் அறியாத அந்த இளைஞனைப் பாராட்டி, தான் நேசித்த பழைய சீனத்தின் மணம் அவ்வாசிப்பில் வீசுவதாக ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி அச்சிட்டு நண்பர்களுக்கு அனுப்பினார். உரியவருக்கு இந்த விடயம் தெரியவந்தது பல ஆண்டுகள் கழித்து, ஹெஸ்ஸே இறந்த பின்னர்தான்.

சிறிது காலம் தடைப்பட்டிருந்த வீட்டுக் கடிதங்கள் மீண்டும் வரத் தொடங்கின. சீனம் அறியாத மருமகளுக்கு மாமனார் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதினார். அவரது மொழிபெயர்ப்புகளோ அச்சேறாமல் கிடந்தன. புனைபெயரில் வெளியிடலாம் என்று பதிப்பகம் வழி சொன்னபோது, தன் பெயரை மறைத்து எதுவும் வெளிவர வேண்டாம் என்று மறுத்துவிட்டார். 1961இல் முத்திரை நீக்கப்பட்டது. 1964இல் பேரன் பிறந்தான். 1965இல் கச்சேரிப் பயணமாக ஹொங்கொங் வந்த மகன், அங்கிருந்து ஷங்காய் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். ஆறு ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்காத குரல். பேரனை அவர்கள் கடைசிவரை பார்க்கவில்லை.

1966 ஓகஸ்ட் இறுதியில் செங்காவலர்கள் வீட்டுக்குள் நுழைந்தார்கள். நான்கு நாட்கள், மூன்று இரவுகள் தேடுதலும் அவமதிப்பும் தொடர்ந்தன. உறவினர் ஒருவர் பாதுகாப்பாக வைக்கக் கொடுத்திருந்த பெட்டியிலிருந்து, சியாங் காய் ஷெக்கின் உருவம் பொறித்த பழைய கண்ணாடி ஒன்று அகப்பட்டது. அதுவே பெருங்குற்றமாயிற்று. செப்டெம்பர் 3ஆம் திகதி அதிகாலையில் ஃபூ லெய்யும் மனைவி சூ மெய்ஃபூவும் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். மைத்துனருக்கு எழுதிய கடைசிக் கடிதத்தோடு பணமும் பிரித்து வைக்கப்பட்டிருந்தது. அந்த மாத வீட்டு வாடகை 55 யுவான் 29 சதம். தகனச் செலவு 53 யுவான் 30 சதம். வீட்டில் வேலை செய்த பெண்ணுக்கு ஒரு தொகை தனியாக. ஒரு வசனத்துக்காக நாட்கணக்கில் காத்திருந்த மொழிபெயர்ப்பாளர், சாவதற்கு முன்னரும் கணக்கைச் சரிபார்த்துவிட்டுத்தான் போனார்.

சாம்பலுக்கு உரிமை கோரவும் அன்று ஆளில்லை. குற்றவாளிகளின் சாம்பலை வைத்திருக்க அனுமதியும் இல்லை. அவர்களோடு எந்த உறவுமில்லாத, அவரது நூல்களை வாசித்து மட்டுமே அவரை அறிந்திருந்த ஓர் இளம்பெண், பியானோ கற்கப்போன வீட்டில் இந்தச் செய்தியைக் கேள்விப்பட்டு, வளர்ப்பு மகள் என்று சொல்லித் தகனசாலையிலிருந்து சாம்பலைப் பெற்றுப் பாதுகாத்தாள். அதற்காக விசாரிக்கப்பட்டாள். நல்ல மொழிபெயர்ப்பாளன் எத்தகைய வாசகர்களைச் சம்பாதிக்கிறான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்தான் ஞாபகத்துக்கு வருகிறாள்.

மகன் திரும்பியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற கேள்விக்கு அவரது சமகாலத்தவர்களின் கதைகளே பதில். 1958இல் மாஸ்கோவின் சைக்கோவ்ஸ்கிப் போட்டியில் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்ட லியு ஷிகுன், கலாசாரப் புரட்சியில் கையில் அடிபட்டு ஆண்டுக்கணக்கில் சிறையிருந்தார். அதே 1958இல் ஜெனீவாவில் பரிசு பெற்ற கு ஷெங்யிங், ஃபூ லெய்யிடமே இலக்கியம் கற்றவர். 1967 ஜனவரியில் தாயோடும் சகோதரனோடும் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது வயது இருபத்தொன்பது. யின் செங்சொங் 1967இல் பியானோவை லொறியில் ஏற்றித் தியனான்மென் சதுக்கத்துக்குக் கொண்டுபோய்ப் புரட்சிப் பாடல்களை வாசித்து, பாட்டாளிகளுக்கும் இந்த வாத்தியம் உதவும் என்று காட்டவேண்டியிருந்தது. அதனாற்றான் சீனத்தில் பியானோவே பிழைத்தது என்போரும் உண்டு. அவரைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை.

இவற்றையெல்லாம் அறிந்த பின்னரும், தான் தப்பியதற்குப் பெற்றோர் கொடுத்த விலையை எண்ணி ஃபூ ட்சொங் வாழ்நாள் முழுதும் வருந்தினார். அவரது இல்லறமும் அந்தக் காலத்திலேயே முறிந்தது. 1979 ஏப்ரலில் பெற்றோருக்கு ஷங்காயில் உத்தியோகபூர்வ அஞ்சலிக் கூட்டம் நடத்தப்பட்டு, அவர்களது பெயர் மீட்கப்பட்டபோது, இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அவர் பிறந்த மண்ணை மிதித்தார். அதன் பின்னர் ஆண்டுதோறும் போனார். பெய்ஜிங்கிலும் ஷங்காயிலும் மாணவர்களுக்குக் கற்பித்தார்.

1981இல் 'ஃபூ லெய்யின் குடும்பக் கடிதங்கள்' நூலாக வெளிவந்தது. தம்பி ஃபூ மின் தொகுத்தது. இலட்சக்கணக்கில் விற்றது, பின்னர் சீனப் பாடசாலைகளின் எட்டாம் வகுப்பு வாசிப்புப் பட்டியலிலும் இடம்பெற்றது. துரோகியாக இருந்தவர் ஒரே நூலால் நாடறிந்த 'நல்ல மகன்' ஆனார். இந்த மாற்றம் எனக்கு முழு மகிழ்ச்சி தருவதாக இல்லை. பிள்ளை வளர்ப்புக்கான கைநூலாக அது பரிசளிக்கப்படுகிறது. மன்னிப்புக் கேட்ட தந்தையை விட, புத்திமதி சொன்ன தந்தையையே பெற்றோர்கள் அதில் தேடுகிறார்கள். கடிதம் ஏன் 1966இல் நின்றது என்ற கேள்வி பின்னுரையில் ஒதுங்கிவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. நமக்குக் கிடைப்பது ஒருபக்க உரையாடல்தான். மகன் எழுதியவற்றை ஒழுங்குபடுத்தித் தந்தை தொகுத்து வைத்திருந்தார். தாய் சில பகுதிகளைப் பிரதியெடுத்திருந்தார். மூலக் கடிதங்கள் பெரும்பாலும் அந்தக் கலகத்தில் தொலைந்தன. மகனின் தரப்பை அறிய விரும்புகிறவருக்கு இசைத்தட்டுகளே மிச்சம்.

நான் முதலில் கேட்டது மசூர்க்காக்களின் இறுவட்டைத்தான். அழகுக்காக மெருகிட்ட வாசிப்பு அல்ல அது. சில இடங்களில் கரடுமுரடாகவே இருக்கிறது. ஒரு சுரத்தைத் தொடுவதற்கு முன் தயங்கும் தயக்கம் மட்டும் எங்கும் தவறுவதில்லை. மோட்சார்ட்டையும் டெபுஸ்ஸியையும் ஸ்கார்லாட்டியையும் அவர் நிறையவே வாசித்திருக்கிறார். டெபுஸ்ஸியைச் சீனர் என்றே உரிமை கொண்டாடினார். ஆனால் அஷ்கெனாசி அடைந்த உலகப் புகழையோ இசைத்தட்டுக் கம்பனிகளின் ஆதரவையோ அவர் அடையவில்லை. விரல்களில் தசைநார் வலி தொல்லை கொடுத்தது. பிற்காலக் கச்சேரிகளில் விரல்நுனி வெட்டிய கறுப்புக் கையுறையோடு மேடையில் அமர்ந்தார். எழுபது வயதைத் தாண்டியும் நாள்தோறும் பல மணிநேரப் பயிற்சியை விடவில்லை. தன்னைப் பியானோவின் அடிமை என்று சொல்லிக்கொண்டார்.

அவர் பரிசு பெற்ற போட்டியில் 1980இல் வியட்நாமின் தாங் தாய் சொன் முதற்பரிசு பெற்றார். 2000இல் சீனாவின் லி யுண்டி. 2010இல் அதே வார்சோ மண்டபத்தில் ஃபூ ட்சொங் நடுவராக அமர்ந்தபோது, 1955இல் முதலாம் இடத்தைப் பெற்ற ஹரசியேவிச்சும் தாங் தாய் சொன்னும் அதே நடுவர் குழுவில் இருந்தார்கள்.

2013இல் பெற்றோரின் சாம்பல் ஷங்காயின் புடோங்கில், ஃபூ லெய்யின் சொந்த மண்ணில் அடக்கம் செய்யப்பட்டது. ஃபூ ட்சொங் 2020 டிசம்பர் 28ஆம் திகதி, கொவிட் தொற்றுக்கு ஆளாகி, லண்டன் வைத்தியசாலையொன்றில் காலமானார். அவருக்கு வயது எண்பத்தாறு. லண்டனுக்கு அவர் வந்திறங்கி அறுபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.